இறக்கி வைத்த பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்த வருடம் எந்தக் கணக்கு நடத்த வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணை உண்டு. கணக்குத் துறைத் தலைவி தயாரித்தது. ஆசிரியர் அறைச் சுவரில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அவளுக்கு ‘மைனஸ் மிஸ்’ என்று பேர் வைத்திருந்தார்கள், அரை மார்க்கைக்கூட விடாமல் குறைப்பாள் என்பதால். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய, இருபத்தாறு வருடமாகச் சாக்பீஸ் தூளைத் தின்றவளுக்குப் பேரைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏது?

அந்த வாரம் அவள் ஒன்பதாம் வகுப்பைப் பிரிக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பேர் தேர்வு எழுதியதில் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் உயர்கணக்கு, தேறாதவர்களுக்குப் பொதுக்கணக்கு. பொதுக்கணக்குக்குப் போனால் போனதுதான். இஞ்சினியர், டாக்டர் என்று எந்தப் பக்கமும் பிறகு திரும்ப முடியாது. பத்தொன்பது பேர் தேறவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பட்டியலில் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுக்க வேண்டும்.

ஏன் இத்தனை பேர் என்று அவளும் கேட்டுத்தான் பார்த்தாள். இந்த செட்டே அப்படித்தான் என்றார் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். ஏழாவதில் அடிப்படையே போடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று அவர் சொல்ல, ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஆறாவதைக் கை காட்டினார். ஆறாவது டீச்சர் ஆரம்பப் பள்ளியைக் காட்டினார். விட்டால் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருப்பார்கள். அவளுக்கு அலுத்துப்போயிற்று. வருடா வருடம் இதே கதைதானே.

வியாழக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் கட்டை வீட்டுக்கே தூக்கி வந்தாள். சமையலறை மேசையில் ஒரு பக்கம் நறுக்காத காய், மறு பக்கம் தாள்கள். கூடத்தில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, எல்லாருக்கும் அரை மார்க் சேர்த்துப் போட்டுவிட்டு வந்து படு என்றார். தேறாத பத்தொன்பது தாள்களையும் மறுபடி புரட்டினாள்.

பதினேழு பேர் ஒரே இடத்தில் விழுந்திருந்தார்கள். ஏழிலிருந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் x கழித்தல் மூன்றைக் கழிக்க வேண்டும். அடைப்பை எடுத்தால் ஏழு கழித்தல் x கூட்டல் மூன்று. இவர்களோ பதினேழு பேரும் அந்தக் கடைசி மூன்றையும் கழித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு தப்பினதால் அதைத் தொட்டு வந்த நாலு கணக்கும் போச்சு. பக்கத்தில் சிவப்பு மையில் பதினேழு தடவை ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தது அவள்தான்.

தண்ணீர் குடிக்க வந்த மகள் எட்டிப் பார்த்தாள். அவளும் அதே வகுப்புதான், தொண்ணூற்றிரண்டு மார்க்.

“உனக்கு மட்டும் இது எப்படிடி வந்துச்சு?”

“நீதானம்மா சொல்லிக் குடுத்தே. போன வருஷம், இதே மேசையில. மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்னு. ஸ்கூல்ல எங்களுக்கு அதை நடத்தவே இல்லையே.”

“நடத்தாம எப்படி? ஆறாவதிலேயே இருக்கு.”

“இப்ப இருக்கு. நாங்க ஆறாவது படிச்சப்ப இல்ல.”

மகள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். இவள் விரல் விட்டு எண்ணினாள், கணக்கு டீச்சர். புது அட்டவணை வந்து இது மூன்றாவது வருடம். ஏழாவதில் இருந்த அந்தப் பாடத்தை அவள்தான் ஆறாவதுக்கு இறக்கினாள். நல்ல மாற்றம் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் அந்த வருடம் பழைய ஆறாவதை முடித்துவிட்டு ஏழாவதுக்குள் காலெடுத்து வைத்த பிள்ளைகள்? அவர்கள் மேலே வந்தார்கள், பாடம் கீழே போய்விட்டது. டியூஷன் வைத்த வீட்டுப் பிள்ளைகளும், அம்மா டீச்சராக இருந்த பிள்ளையும் தப்பித்தார்கள். கத்தியைக் கையில் எடுத்தவள் காயை நறுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டதா? இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருடம் எட்டாவதில் அவள் இதைக் கடகடவென்று போர்டில் போட்டுக்கொண்டு போனபோது, எல்லாரும் ‘குச்சி’ என்று கூப்பிடும் அந்த ஒல்லிப் பெண், தையற்காரர் மகள், எழுந்து நின்று, இதை எங்களுக்கு நடத்தலையே மிஸ் என்றாள். நடத்தினபோது எந்தக் காக்காயைப் பராக்குப் பார்த்தாய் என்று இவள் கேட்க, வகுப்பே சிரித்தது. குச்சி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் எதையும் கேட்டதாக நினைவில்லை. பத்தொன்பதில் அவள் பெயர் நாலாவது.

வெள்ளிக்கிழமை முதல்வர் அறையில் அரைமணி நேரம் ஆயிற்று. பட்டியலை நிறுத்துங்கள், பாடத்தை நடத்திவிட்டு மறுதேர்வு வைக்கலாம் என்றாள். பட்டியல் இன்று வரும் என்று பெற்றோருக்குச் சொல்லியாயிற்றே என்று முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். உங்கள் பெண்ணும் அந்த வகுப்பில்தானே, ஊர் என்ன பேசும் என்றார். கடைசியில், பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் நிர்வாகக் காரணங்களால் என்று எழுதிவிடலாம் என்று ஒரு வழி சொன்னார்.

“வேணாம் சார். என் தப்புன்னே எழுதுங்க. இல்லன்னா அந்தப் பிள்ளைங்க தலையிலதான் விடியும்.”

எழுதினார்கள். திரும்பி வந்து ஏழாம் வகுப்பு ஆசிரியரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அந்த மனிதர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். லீவு நாளில் வரச் சொன்ன கடுப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. குச்சி கடைசி பெஞ்சில் ஜன்னலோரம். முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்த டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்தப் பாடம் உங்களுக்கு நடத்தப்படவே இல்லை, அட்டவணை போட்டபோது நான் செய்த தவறு, நீங்கள் யாரும் கவனக்குறைவாக எழுதவில்லை என்று சொன்னாள்.

குச்சி எழுந்து நின்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

“நான் அன்னிக்கே சொன்னேன், மிஸ்.”

“ஆமாம்மா, நீ சொன்னே. நான்தான் உன்னை உக்கார வெச்சேன்.”

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். முதல் மைனஸ் கோணலாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டாள். திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். குச்சி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்லட்டும் என்று.