கிழக்கே பார்த்த இஞ்சினும் குட்டி ராட்செட்டும்

இஞ்சினுக்கு மூஞ்சி எது, முதுகு எது என்று யாருக்காவது தெரியுமா? மருதப்பனுக்குத் தெரியும். பெரிய சக்கரம் இருக்கிற பக்கம்தான் மூஞ்சி, மூஞ்சி கிழக்கே பார்க்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் வெட்டிய மேடையில் இஞ்சினை இறக்க வந்த மெக்கானிக், "வடக்கே பார்த்து வச்சா எல்லா நட்டுக்கும் கை போகும் அண்ணாச்சி" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். கேட்டால்தானே. தேங்காய் உடைத்து, விபூதிப் பட்டை இட்டு, குங்குமம் வைத்து, மாலை போட்டு, இஞ்சினைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார்கள். அதன் முதுகில் இருந்த பம்பு பாறைச் சுவரை ஒட்டிக்கொண்டு நின்றது.

கிணறு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. மருதப்பன் அண்ணன், துரைப்பாண்டி தம்பி. துரைப்பாண்டியின் பெண்டாட்டிதான் செண்பகவல்லி. இஞ்சினுக்கு ஆளுக்குப் பாதி போட்டார்கள். தம்பி தன் உழவுமாடுகளை விற்றுப் போட்டான். அண்ணன் கையிருப்பிலிருந்து போட்டார். அவருடைய காளைகள் தொழுவத்தில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

தண்ணீரை உறிஞ்சும் குழாய் பம்போடு சேருகிற மூட்டில் நாலு நட்டு. மூன்றுக்குக் கை போகும். நாலாவது பாறைப் பக்கம். லூசாவதற்கு அந்தச் சனியன்தான் கிடைத்தது. மூட்டு காற்று வாங்கியது. இஞ்சின் ஊர் கேட்க ஓடியது. குழாயில் தண்ணீருக்குப் பதில் இருமல்தான் வந்தது. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம். துரைப்பாண்டி ஆத்திரத்தில் மறுபடி மறுபடி இஞ்சினைச் சுற்றப் போக, கைப்பிடி எதிர்த்து அடித்து வலது கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

மெக்கானிக் வந்தான். தன் ராட்செட்டை நீட்டிப் பார்த்தான். ராட்செட் என்றால், ஒருமுறை நட்டில் மாட்டிவிட்டால் கழற்ற வேண்டாம். கைப்பிடியை மட்டும் கடகடவென்று பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவனுடையது முழங்கை நீளம். பம்புக்கும் பாறைக்கும் நடுவே அது நுழையவே இல்லை.

"இஞ்சினைத் திருப்பி வைங்க. இல்லன்னா பாறையை உடைங்க. ரெண்டுல ஒண்ணு" என்றான்.

மருதப்பன் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. கும்பிட்டு வைத்ததைத் திருப்பக் கூடாதாம். பாறைக்கு வெடி வைத்தால் கிணறு சரிந்துவிடுமாம். கடைசியில் தம்பி வீட்டு வாசலில் நின்று சொன்னார். "வாற வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி வரலன்னா இஞ்சினை வித்துருவோம்லே. பழையபடி கமலையைக் கட்டி இறைச்சுக்கிடலாம்."

கமலை இழுக்க மாடு வேண்டாமா? அவரிடம் இருக்கிறது. இவர்களிடம்? தண்ணீர் இறைக்க வழியில்லாமல் நிலத்தை அண்ணனுக்கே விளைச்சலில் பங்குக்கு வாரமாக விட்டுவிட்டு, அதே நிலத்தில் களை பறிக்கக் கூலிக்குப் போக வேண்டியதுதான். செண்பகவல்லிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

பொம்பளை கிணற்றுக்குள் இறங்கி இஞ்சினைத் தொடக் கூடாது என்பது மருதப்பன் போட்ட சட்டம். அன்றைக்கு மத்தியானமே அவள் இறங்கினாள். கையை ஒருக்களித்துப் பாறைக்கும் பம்புக்கும் நடுவே விட்டாள். துரைப்பாண்டியின் கை நன்றாக இருந்தபோதும் அந்த இடுக்கில் போனதில்லை. இவள் கை போனது. நாலு விரல் அகலம் தாராளமாக இருந்தது. பிறகு ஒரு பருத்திமார்க் குச்சியை, காய்ந்த பருத்திச் செடியின் தண்டை, அந்த நட்டின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தாள். மேலே இடித்தது, கீழே இடித்தது. கொஞ்சம் ஒடித்தாள். மறுபடி ஆட்டினாள். ஒடித்து ஒடித்து, குச்சி ஒரு சாணுக்கும் குறைவாக ஆனபோது லேசாக அசைய இடம் கிடைத்தது. அந்தக் குச்சியையும், அதே மூட்டிலிருந்து கழற்றிய வேறொரு நட்டையும் முந்தியில் முடிந்துகொண்டாள்.

"மெக்கானிக்கிட்டயே இல்லாதது கடையில இருக்குமாட்டி?" என்றான் துரைப்பாண்டி.

"இருக்கா இல்லையான்னு கடைக்காரர் சொல்லட்டும். நீங்க ஏன் சொல்லுதீக?"

சங்கரன்கோவிலில் தேரடிப் பக்கம் ஜெயசிங்கின் இரும்புக்கடை. உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்துச் சாமான்களையெல்லாம் வாங்கிக் குவித்து வைத்திருந்தார். செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னாள். அவர் நீளமான ராட்செட் ஒன்றைத் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதைப் பாரு தாயி. லாரி சக்கரத்தையே கழட்டிரும்."

"எங்ககிட்ட லாரி இல்ல அண்ணாச்சி."

சாமான் வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயசிங் சிரிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. "சின்னது விளையாட்டுச் சாமான் மாதிரி. கைப்பிடி நீளமா இருந்தாத்தான் பலம் கிடைக்கும். நான் வியாபாரத்துக்குச் சொல்லல, உள்ளதச் சொல்லுதேன்."

"பலம் எனக்கு இருக்கு அண்ணாச்சி. இடம்தான் இல்ல."

சொல்லிவிட்டு அவள் சும்மா நிற்கவில்லை. கல்லாவின் மேல் கிடந்த பெரிய எடைக்கற்கள் இரண்டை எடுத்தாள். நடுவில் நட்டை வைத்து, பருத்திமார்க் குச்சி அசைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிறுத்தினாள். "இதுதான் எங்க கிணறு. இதுக்குள்ள எது திரும்புதோ அதைக் குடுங்க."

ஜெயசிங் நீளத்தை விட்டுப் பார்த்தார். கல் உருண்டு தரையில் விழுந்தது. அடுத்ததை விட்டார். நுழைந்தது, ஆனால் அசைய மறுத்தது. இப்போது அவருக்கே ரோசம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரண் மேலிருந்த மரப்பெட்டியை இறக்கிக் கவிழ்த்தார். துருவும் கிரீஸுமாகக் கொட்டிய சாமான்களில் குட்டி ராட்செட் இரண்டு இருந்தன. அதில் பளபளப்பாக இருந்ததை முதலில் எடுத்து மாட்டினார். ஆடியது. ஆனால் 'கடக்' என்கிற சத்தம் வரவில்லை.

"உள்ள இருக்க சக்கரத்துல பல்லு அகலம்" என்றார் ஜெயசிங். "நிறையத் தூரம் ஆட்டினாத்தான் அடுத்த பல்லுல போய் உட்காரும்."

"அப்ப அது வேண்டாம். அந்தக் கருப்பைக் காட்டுங்க."

கருப்பு பார்க்க லட்சணமாக இல்லை. கைப்பிடி அவள் உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீண்டது. அதன் தலையை நாலு விரலால் அளந்தாள். நட்டைக் கவ்வுகிற குமிழோடு சேர்த்தும் அடங்கியது. மாட்டி, எடைக்கற்களுக்கு நடுவே ஆட்டினாள். கடக். இன்னும் ஒருமுறை ஆட்டினாள். கடக். இம்மி அசைந்தாலும் பிடித்துக்கொண்டது.

"பல்லு நெருக்கம்" என்றார் ஜெயசிங், தன் கடையில் இப்படி ஒன்று கிடந்தது இப்போதுதான் தெரிந்தவராக. பிறகு விலை பேசினார்கள். அவள் குறைத்தாள், அவர் புலம்பினார், கடைசியில் ஒரு பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன் தாயி. கடைசித் திருப்புக்கு இது உன் உயிரை வாங்கும். கைப்பிடியில குழாயைச் சொருகி நீளம் கூட்டலாம்னா அங்கன இடம் கிடையாது. அப்புறம் என்னை ஏசக் கூடாது."

"ஏசுறதா இருந்தா இஞ்சினை வடிவா கிழக்கே பார்த்து வச்சவுகளைத்தான் ஏசணும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே மருதப்பன் ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மேடையில் செண்பகவல்லி ஒருக்களித்துப் படுத்து, தோள்வரைக்கும் பாறை இடுக்கில் கையை விட்டிருந்தாள். பக்கத்தில் ஒற்றைக் கையோடு துரைப்பாண்டி. கடக், கடக் என்று சத்தம் மட்டும் மேலே வந்தது.

"ஏலே, பொம்பளையை உள்ள இறக்கிட்டு நீ வேடிக்கை பார்க்கியா?"

கடகடப்பு நின்றுவிட்டது. நட்டு இறுகிவிட்டது, ஆனால் முழுக்க இறுகவில்லை. இன்னும் கால் திருப்பு வேண்டும். ஜெயசிங் சொன்னது சரிதான், குட்டைக் கைப்பிடி உயிரை வாங்கியது. படுத்த வாக்கில் எதிலும் முட்டுக் கொடுக்க முடியாமல், இழுக்க இழுக்க அவள் உடம்புதான் மேடையில் வழுக்கியது. உந்துவதற்கு எதிரே இருந்தது இஞ்சின் மட்டும். மருதப்பன் வாரம் தவறாமல் விபூதிப் பட்டை இட்டுக் குங்குமம் வைத்த இஞ்சின்.

அவள் நிமிர்ந்து மேலே நின்ற மருதப்பனைப் பார்த்தாள். "அத்தான், உந்த இடம் இல்ல. நீங்க இறங்கி வந்து இறுக்குதீகளா, நான் இஞ்சின்ல கால வைக்கட்டுமா?"

"காலையா? அது சாமி மாதிரி. வச்சேன்னா விளங்கவே மாட்ட."

"அப்ப நீங்க வாங்க."

மருதப்பன் படிகளைப் பார்த்தார். பாறை இடுக்கைப் பார்த்தார். தன் பருத்த கையையும் பார்த்துக்கொண்டார். இறங்கவில்லை. அவள் போதுமான நேரம் காத்திருந்தாள். அவரைக் கூப்பிடாமலே அவள் கால் வைத்தாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.

பிறகு, குங்குமம் இருந்த இடத்தில் பாதத்தை நன்றாகப் பதித்து, பல்லைக் கடித்து உந்தி இழுத்தாள். மேலிருந்து மருதப்பன் என்னென்னவோ கத்தினார். அவள் காதில் விழுந்தது ஒரு கடக். இன்னொரு மூச்சு பிடித்து இழுத்தாள். இன்னொரு கடக். அதற்கு மேல் அது அசையவில்லை. விரல் முட்டிகளில் தோல் போயிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, வலியினால் இல்லை, கோபத்தினால்.

பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். துரைப்பாண்டி இடது கையால், சக்கரம் லேசாகச் சுற்றுவதற்கான லிவரைத் தூக்கிப் பிடித்தான். அவள் கைப்பிடியை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். புருஷன் கையை முறித்த கைப்பிடிதான். அவள் பயந்துகொண்டேதான் சுற்றினாள், ஆனால் சுற்றினாள். இஞ்சின் இரண்டு தரம் துப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குழாய் ஒருமுறை இருமியது. அப்புறம் தொட்டியில் தண்ணீர் தடித்து வந்து விழுந்தது.

"நல்லாத்தான ஓடுது, எதுக்கு விக்கீக?" என்று தரகர் மருதப்பனைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

செண்பகவல்லி கிரீஸ் அப்பிய சேலையோடு மேலே ஏறி வந்தாள். கையில் அந்தக் கருப்பு ராட்செட். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் தண்ணீர் வந்து முட்டி நின்றது. முறைப்படி முதல் தண்ணீர் மூத்தவருக்கு. வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மிளகாய்ச் செடிகளும் இலை சுருண்டு தலை தொங்கித்தான் நின்றன.

"அத்தான், இது நான் மிதிச்ச இஞ்சின் இறைச்ச தண்ணி" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "உங்க பாத்திக்கு ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. முழுசும் எங்க பக்கமே திருப்பிக்கிடுதோம்."

மருதப்பன் அவளைப் பார்க்கவில்லை. துரைப்பாண்டியையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தார். குனிந்து, தன் பக்கத்து மடையை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.