மஞ்சளாகாத குழி

இரண்டு பேருடைய ரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஆய்வகத் தட்டின் ஒரே குழியில் விட்டால் அவை சண்டை போடும். நீ யார் என்று கேட்டு, பெருகி, கொத்துக் கொத்தாகத் திரளும். அவை மிதக்கும் இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகிவிடும். அந்தச் சண்டையைத் தணிக்க ஒரு மருந்து உதவுமா என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. தணிக்க வேண்டுமென்றால் முதலில் சண்டை வேண்டுமே. ஒரு பக்கம் அவள் ரத்தம். எதிர்ப்பக்கத்துக்கு வழக்கமாகக் கை நீட்டும் வகுப்புத் தோழன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் கேட்டாள்.

தையல்காரியான அக்காவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் இவள் ஆய்வகமே கதி என்று இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா சொல்வதையெல்லாம் பாத்திரத்திடமோ கதவிடமோதான் சொல்வாள். இதற்கும் கதவிடம்தான் பதில் வந்தது, ஊசி எனக்கென்ன புதுசா என்று.

உடன்பிறந்தவர் ரத்தம் கூடாது என்று பேராசிரியை முன்பே சொல்லியிருந்தார். இருவர் அணுக்களும் ஒரே அடையாளத்தோடு இருந்து, சண்டையே வராமல் போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மீதி மூன்று பங்கு நம் பக்கம் என்று அவள் கணக்குப் போட்டாள். உண்மையில், அக்காவின் கையைத் தொட அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் தட்டு பல நாள் இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சிவந்த இருட்டு நீரில் தானும் அக்காவும் மிதந்து மிதந்து, மெல்ல உரசிக்கொள்வதுபோல அவளுக்குத் தோன்றும்.

தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது குழி இளஞ்சிவப்பாகவே இருந்தது. நுண்ணோக்கியில், அணுக்கள் மதிய உறக்கத்தில் இருப்பவைபோல ஆங்காங்கே உருண்டு கிடந்தன. பேராசிரியை திட்டித் தீர்த்தார். தட்டு முழுவதும் வீண். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்வாங்க. இங்க ஆடாம இருக்கிறதுதான் சொந்தம்" என்றார்.

வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம ரத்தம் சண்டையே போடலக்கா. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிச்சு."

மிஷின் நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுங்களுக்கு அம்மா விஷயம் தெரியாது" என்றாள், துணியைப் பார்த்து.

"தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்."

அக்கா துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப உன் படிப்பு?"

"முதல்ல இருந்து செய்யணும். வேற ஆள் ரத்தம் வேணும்."

"மாடி வீட்டுக்காரியைக் கேட்டுப் பாக்கறேன்" என்றாள் அக்கா. "அவ ரத்தம் யார்கிட்டயும் சும்மா இருக்காது."