அழைத்தவர் முதலில் வைக்கக்கூடாது

கட்டிலை அப்படியே வாசல் வழியாக வெளியே கொண்டுபோகலாமா, கழற்றித்தான் ஆகவேண்டுமா என்று அண்ணியும் தங்கையும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து இன்னும் செருப்பு மண்ணைக்கூடத் தட்டவில்லை. ஆனாலும் அந்த வெற்றுக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு அண்ணியால் உட்கார முடியவில்லை.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், மீதிப் பேரை ஹாரன் அடித்தே திட்டினார். தங்கைக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கே ஆயிரக்கணக்கான பேருடைய புற்றுக்கட்டியின் மரபணுக்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்த மாற்றம் இருந்தால் நோய் எப்படிப் போகும் என்று கற்றுக்கொள்ள வைக்கிறார்கள். மரபணு மட்டும் போதாது. அந்த ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். அதை வீடு வீடாகப் போன் பண்ணிக் கேட்பதுதான் இவள் வேலை. நல்ல வேலை பார்த்தாள், போங்கள்.

அண்ணனின் கட்டியும் அதில் சேர்ந்திருந்தது. அவருக்கிருந்த மாற்றம் அத்தனை பேரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் இருந்தது. அந்தச் சிலரில் ஒருவரை உயிரோடு இருப்பதாக விட்டுவைத்தால், இது சாதுவான நோய் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். நாளைக்குத் தகவல்களைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் எதையும் மாற்ற முடியாது.

போன வாரம் இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார்.

"என்கிட்ட கத்துக்க வந்த எவனையும் நான் அரைகுறையா ரோட்டுக்கு அனுப்பினதில்ல. உன் கம்ப்யூட்டரையும் அனுப்பாதே. நான் போனா, போயிட்டேன்னு சொல்லிடு."

தலையாட்டினாள். ஆனால் சொந்தக்காரர் விவரத்தைத் தானே பதியக்கூடாது. வேறொருவர் கேட்க வேண்டும், வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டும். அவளோ ஆபீசில் லீவு மட்டும்தான் சொல்லியிருந்தாள். வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

கட்டிலின் ஒரு கால் கழன்றபோது அண்ணனின் போன் அடித்தது. ஆபீஸ் நம்பரைப் பார்த்ததும், "நான் பேசுறேன் அண்ணி" என்று தங்கை எடுத்தாள்.

அவளே வேலை பழக்கிவிட்ட பெண்தான் பேசினாள். குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறியது.

"அக்கா... அண்ணன் எப்படி இருக்கார்?"

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். இருக்கிறாரா என்று கேட்காதே, எப்படி இருக்கிறார் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தது இவள்தானே. அந்த மௌனம் இந்தப் பக்கம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் இவளுக்குத் தெரியாது. நல்லா இருக்கார் என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? இன்னும் எத்தனையோ வருஷம் அவர் அந்தக் கம்ப்யூட்டரிலாவது இருப்பார்.

அண்ணி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

"போயிட்டாரும்மா. நேத்து சாயங்காலம். இப்பவே பதிஞ்சுடு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அழைத்தவர் முதலில் போனை வைக்கக்கூடாது. அதுவும் இவள் போட்ட சட்டம். அந்தப் பெண் வைக்கவில்லை. இவளுக்கும் வைக்க மனம் வரவில்லை. போனைத் துண்டிக்காமலே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து கட்டிலின் அடுத்த காலைப் பிடித்தாள். அண்ணி குனிந்து திருகாணியைத் திருப்ப ஆரம்பித்தாள்.

ஜன்னலில் போன் வெளிச்சமாகவே இருந்தது.