வயதாக அவசரப்பட்டவள்

ரோண்டா மேல் இழுப்பறையை முழுவதுமாக உருவிக் கட்டில்மேல் கவிழ்த்தாள். பதினோரு மணிக்குள் அம்மாவின் உடைகள் போய்ச் சேர வேண்டும். நீலக் கவுனையும் முத்து மாலையையும் நேற்றே எடுத்து வைத்தாயிற்று. காலையில் இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து திரு. காம்ப்ஸ் கூப்பிட்டு, உள்ளாடையும் வேண்டும், பலபேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

அம்மா வெர்னா வைத்திருந்த பிரா மொத்தம் ஐந்து. தங்கை மார்லா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது பக்கம் உள்ளே வட்டமாக ஒரு துணி, சுற்றிலும் கைத்தையல். மற்றதை எடுத்தாள். அதிலும் இருந்தது. ஐந்திலும் இருந்தது.

"இந்த வாத்துப் படத்தைப் பாரு ரோண்டா. என் கெய்லி பொறந்தப்போ அம்மா ஒரு போர்வை தெச்சாங்களே, அந்த ஃப்ளானல் துணிதான் இது."

"இருக்கும்."

"கெய்லிக்கு மூணரை வயசாச்சு." மார்லா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துணியில் வாத்துகளின் மஞ்சள் ஏறக்குறைய போயிருந்தது. எத்தனை தடவை துவைத்தார்களோ. "அப்போ மார்ச் மாசம் வந்த நோயில்ல இது. அப்பவே இருந்திருக்கு. வலிச்சதாலதான் மெத்துன்னு வச்சுத் தெச்சிருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

"மிச்சத் துணி எப்பவும் பீரோலதான் கெடந்திருக்கும். எப்ப வேணா எடுத்துத் தெச்சிருக்கலாம்."

"நீ டாக்டர் ஆபீஸ்ல இருக்க. உங்கிட்டகூடவா சொல்லல?"

"இல்ல," என்றாள் ரோண்டா.

மார்லா கத்தரிக்கோலை எடுத்தாள். "பிரிச்சு எடுத்துடட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அவங்களுக்கு அது பழகினது."

ஐந்தில் நல்லதாக ஒன்றை மடித்துக் காகிதப் பையில் வைத்து, மேலே நீலக் கவுனைப் போட்டு, ரோண்டா காரை எடுத்தாள். ஆற்றோரச் சாலையில் செப்டம்பர் வெயில் சுமாராக அடித்தது. பை பக்கத்து இருக்கையில் இருந்தது. பெல்ட் போடச் சொல்லிக் கார் இரண்டு முறை கூவியது. பை அவ்வளவு கனமில்லை; கார் எதை ஆள் என்று நினைத்ததோ தெரியவில்லை. பார்த்தால், பைக்கு அடியில் அவளுடைய கைப்பை கிடந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் ஒரு டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களின் கோப்புகளை எடுத்து வைப்பதும், காப்பீட்டுக் கம்பெனிகளுக்குத் தாள் அனுப்புவதும் வேலை. எந்தத் தாளில் எந்த வார்த்தை இருந்தால் கம்பெனி கதவைச் சாத்தும் என்று அவளுக்கு மனப்பாடம். சொந்தமாகக் காப்பீடு கேட்டுப் போன பெண்களில் ஒருத்தியைப் பிள்ளையை வயிற்றைக் கீறி எடுத்ததற்காக வேண்டாம் என்றார்கள். இன்னொருத்தியை, புருஷன் அடித்து மூன்று தையல் போட்டதற்காக. மூன்றாமவள் பிள்ளை பெறும் வயதில் இருந்தாள்; அது ஒன்றே போதுமானதாக இருந்தது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ரோண்டா குடும்பத்துக்குள் ஒரு வக்கீல் மாதிரி ஆகிவிட்டாள். எந்தத் தாள் வந்தாலும் அவளிடம்தான் நீட்டுவார்கள்.

அவள் அப்பா டெல்பர்ட் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். வீட்டில் எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடுதான் இருந்தது. வெர்னா பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் அரைநாள் வேலை பார்த்தாள். அரைநாள்காரிகளுக்கு ஒன்றும் கிடையாது. அறுபத்தைந்து ஆனதும் டெல்பர்ட்டின் முட்டிகள் இனி முடியாது என்றன. அந்த வயதில் எல்லாருக்கும் கிடைக்கும் அரசாங்கத்தின் முதியோர் மருத்துவ அட்டை அவருக்கும் வந்தது. கையோடு தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. அவர் வெளியே வந்தால், மனைவி என்ற பேரில் உள்ளே இருந்தவளும் வெளியே. வெர்னாவுக்கு அப்போது அறுபது.

அடுத்த குளிர்காலத்துக்கும் அடுத்ததில், கெய்லி பிறந்த மாதம், வெர்னா சமையலறையில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "இடது பக்கம் பட்டாணி அளவுல ஒண்ணு இருக்கு ரோண்டா. உங்க டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

ரோண்டா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இப்போது ஆறவில்லை.

"இப்பப் போகாதீங்கம்மா. காப்பீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம் இல்ல? டாக்டர் அதை ஏட்டுல எழுதிட்டா எவனும் உங்களைச் சேத்துக்க மாட்டான். மொதல்ல காப்பீடு வரட்டும். ரெண்டு மாசம். அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்."

காப்பீடு வரவில்லை. ரத்தக் கொதிப்புக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஏட்டில் ஏற்கெனவே இருந்தது. கோடையில் ரோண்டா ஒருமுறை கேட்டாள், அந்தப் பட்டாணி என்னாச்சு என்று. "அதுவா? அது எப்பவோ கரைஞ்சு போச்சு," என்றாள் வெர்னா. ரோண்டா நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

சடங்கு நிலையத்தின் பக்கவாசலில் திரு. காம்ப்ஸ் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்தார், தலையசைத்தார். வாத்துகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பிரசங்கம் சின்னது, மலைமேல் கல்லறையில் காற்று பெரியது. பிறகு வழக்கம்போல ஊரே தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கியது. நீள மேசைமேல் மக்ரோனி, பீன்ஸ், பன்றித் தொடை, மூன்று வகை உருளைக்கிழங்கு. இந்த ஊரில் யார் செத்தாலும் இதே பண்டங்கள்தான் வரும். ஒவ்வொரு கண்ணாடித் தட்டத்துக்கும் அடியில் காகித டேப் ஒட்டி அதில் சொந்தக்காரியின் பேர் எழுதியிருக்கும். சாப்பாடு முடிந்ததும் ஆளாளுக்குத் தட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து எடுத்துப் போவார்கள்.

டெல்பர்ட்டின் தம்பி எர்ல் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த வருடம் எந்தக் கூட்டத்திலும், எல்லாருக்கும் காப்பீடு என்று அரசாங்கம் கொண்டுவரப் போகிற சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

"வாஷிங்டன்ல பாத்தியா? இனிமே அரசாங்கம் டாக்டர் ரூமுக்குள்ள வந்து உக்காரப் போவுதாம். நமக்கு எது தேவைன்னு அவன் சொல்லுவானாம்."

எர்லின் இரண்டு முட்டிகளையும் மாற்றிக் கொடுத்தது அரசாங்கத்தின் அட்டைதான். அது எப்படியோ அவர் கணக்கில் அரசாங்கமாகச் சேரவில்லை.

"இன்னிக்கு வேணாம் எர்ல்," என்றாள் பக்கத்து வீட்டு நோரீன். "வெர்னாவப் பத்தி ஏதாவது நல்லதா பேசுங்க. டெல்பர்ட், நீங்க சொல்லுங்க."

டெல்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதிகம் பேசாதவர். ஆனால் அவரிடம் ஒரு கதை இருந்தது. இரண்டு நாளாக வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வயசாகணும்னு இவ்வளவு அவசரப்பட்ட பொம்பளைய நான் பாத்ததே இல்ல. நம்ம வீட்டு நாள்காட்டி தெரியுமில்ல, விதைக்கடைல குடுக்கறது? போன ரெண்டு மூணு வருஷமா அதுல தினம் ஒரு நாளை அடிப்பா. எதுக்குடின்னு கேட்டா, எனக்கு அறுபத்தஞ்சு ஆவணும்பா. மத்த பொம்பளைங்க எல்லாம் ரெண்டு வயசு கொறச்சுச் சொல்லுவாளுங்க. இவ கூட்டிச் சொல்ல முடியாதான்னு பாத்தா!"

சுற்றிலும் சிரித்தார்கள். நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஜனவரில தபால்ல அந்த அட்டை வந்துச்சு. ஏப்ரல் ஒண்ணாந்தேதிலேர்ந்துதான் செல்லும்னு போட்டிருந்துச்சு. குளிர்பெட்டி மேல காந்தம் வச்சு மாட்டிட்டா. நான் கடைக்குப் போயி ஒரு கேக் வாங்கியாந்தேன். மேல க்ரீம்ல எழுதச் சொன்னேன், கிழவிங்க சங்கம் உன்னை வரவேற்கிறதுன்னு. பெரிய துண்டா சாப்பிட்டா. சிரிச்சா பாருங்க..."

எர்ல் மேசையைத் தட்டிச் சிரித்தார். ரோண்டா எழுந்து, பாதி சாப்பிட்ட தன் தட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சமையலறைக்குப் போனாள். தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். நாள்காட்டியைப் பற்றி அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் மேசைக்கு முன்னால் முதல் ஆளாக அம்மா அட்டையோடு நின்றது மட்டும் தெரியும். "மார்ச்ல கண்ணுல பட்டுச்சு. இப்ப எழுதிக்கலாமில்ல?" என்று கேட்டாள் வெர்னா. ரோண்டா எழுதிக்கொண்டாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து ரோண்டாவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நோயாளியின் கோப்பு எங்கே என்று கேட்டார். அப்புறம் ஐந்து மாதம்.

கூட்டம் கலையத் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கழுவிய தட்டங்களைத் திருப்பிப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மார்லா கெய்லியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். கடைசியில் நோரீன் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய தட்டம் உங்க வீட்டோடதுதான் கண்ணு. ஈஸ்டருக்கு வெர்னாகிட்ட வாங்கினேன். திருப்பிக் குடுக்கணும் குடுக்கணும்னு இருந்தேன். சும்மா கொண்டாந்து குடுக்க மனசு வரல, பீன்ஸ் செஞ்சு எடுத்தாந்துட்டேன்."

அவள் போனதும் டெல்பர்ட் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றிக் கதவின் கொக்கியில் மாட்டினார். துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ சிரிக்கல," என்றார்.

"என்னப்பா?"

"கேக் கதைக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. நீ எந்திரிச்சு வந்துட்ட." ரோண்டா நீட்டிய கரண்டியை வாங்கித் துடைத்தார். "சொல்லிட்டு இருக்கும்போதே எனக்கும் என்னமோ போல இருந்துச்சு. வயசாகறதுல என்னடி இருக்கு, நாளை எண்ணறதுக்கு? அவ எதுக்காகக் காத்திருந்தா, ரோண்டா?"

வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ரோண்டா குழாயை மூடினாள். தெரியாது என்று சொல்ல இடமிருந்தது. காலையில் மார்லாவிடம் சொன்னபோது அது சுலபமாக வந்தது. டாக்டர் தந்த தாளிலும் ஐந்து மாத நோய் என்றுதான் இருக்கிறது. ஊர்ப் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. எந்த ஏட்டிலும் இல்லாத ஒன்றை இந்தக் கிழவருக்கு இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள். ஆனால் ஏட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தானே.

"அந்த அட்டைக்காகப்பா. அம்மாவுக்குக் கட்டி மூணு வருஷத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. எங்கிட்ட சொன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டாதீங்க, எழுதிட்டா காப்பீடு கெடைக்காதுன்னு நான்தான் சொன்னேன். காப்பீடும் கெடைக்கல. அப்புறம் கரைஞ்சு போச்சுன்னாங்க. நான் சரின்னு விட்டுட்டேன்."

டெல்பர்ட் கரண்டியை வைத்துவிட்டுப் பெரிய தட்டத்தை எடுத்தார். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. ஓரங்களில் துடைத்தார். நடுவில் துடைத்தார். திரும்ப ஓரங்களுக்கு வந்தார். கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் ரெண்டு வருஷம் வேலை பாக்கறேன்னு சொன்னேன்," என்றார். "முட்டியப் பாத்துட்டு அவதான் வேணாம், வந்துடுன்னா."

ரோண்டா தொட்டியின் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டாள்.

"அவளுக்கு வலிச்சிருக்கும். நான் கேக் வாங்கிட்டு வந்து சிரிச்சிட்டிருந்திருக்கேன்."

அவர் தட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் காகித டேப்பில் நீல மசியில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், வெர்னா ப்ரூயிட் என்று இருந்தது. நோரீன் வீட்டில் பல தடவை கழுவியதில் ஒரு முனை பிரிந்து மேலே எழும்பி நின்றது. டெல்பர்ட் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். விரலை எடுத்ததும் அது மறுபடி எழும்பியது. அவர் மறுபடி அழுத்தினார், இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை.