நாற்பது பேருக்கு ஒரு போர்வை

ஐந்தே முக்காலுக்கெல்லாம் நாற்பது பேரும் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் இல்லாமல் இல்லை. அதன் கதவில் ‘விருந்தினர்களுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது.

வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. உள்ளே ஏசி மட்டும் முழு வேகத்தில் ஓடியது. பஞ்சு உதிர்ந்த ஹெட்போனின் பிளாஸ்டிக் காதுமடலை அறுத்தது. மேஜைக்கடியில் ஒலிப்பதிவை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு மிதி இருக்கும். வலது கால் பெருவிரலால் அதை அழுத்தி அழுத்தி எல்லோருக்கும் அந்த விரல் மட்டும் காய்த்துப் போயிருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே, எதையோ மென்றுகொண்டே பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். காதில் விழுவதைக் கையால் தட்டி எழுத்தாக்குவது இவர்கள் பிழைப்பு.

மணி ஆறு அடித்தது. முதல் வரிசையின் ஐந்து பேர் மட்டும் கடவுச்சொல்லைத் தட்டினார்கள். மற்ற முப்பத்தைந்து பேரும் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். நாலு நிமிடத்தில் ஐந்து திரைகளும் விழித்தன. வரிசையின் இடது ஓரத்தில் இருந்தவர் கை தூக்கினார். இரண்டாம் வரிசை தட்டியது. அங்கே கை தூக்கியதும் மூன்றாம் வரிசை. எட்டாவது வரிசை உள்ளே போகும்போது மணி ஆறரை.

திரை வந்த நிமிடத்திலிருந்துதான் வேலை நேரம் கணக்கு. அதனால் இன்று முதலில் போன வரிசை நாளை கடைசி. இந்த முறையை ஏற்படுத்தியவள் ஐந்தாம் வரிசை இடது ஓரக்காரி. பத்தொன்பது வருடத் தட்டச்சில் ஒரு கமாவைக்கூடத் தவறவிடாதவள் என்பதால் எல்லோருக்கும் அவள் கமா அக்கா. எந்த வரிசை எத்தனை மணிக்கு உள்ளே போனது, எப்போது திரை உறைந்தது என்பதையெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் அன்றாடம் எழுதி வைப்பாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. கமாவை விடமுடியாதவளால் இதையும் விடமுடியவில்லை, அவ்வளவுதான்.

பத்து மாதம் முன்பு ஒவ்வொரு மேஜையிலும் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒருநாள் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பதிலுக்குச் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பாவை வைத்தார்கள். முதலாளி ஹாலின் நடுவில் நின்று கைகளை விரித்துப் பேசினார். முதலாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நிறுவனர் என்று சொல்ல வேண்டும்.

“இனிமே உங்க கம்ப்யூட்டர் உங்க மேஜையில இல்ல. மேகத்துல இருக்கு! மெய்நிகர் கணினி! நாம எதிர்காலத்துக்குள்ள வந்துட்டோம்!”

மேகம் என்று அவர் சொன்னது கழிப்பறைக்கு அடுத்த அறையில் இருந்தது. அங்கே இரண்டு சர்வர்கள். ஒரு பெரிய மெஷினை இருபதாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறும் தன்னை முழுக் கம்ப்யூட்டர் என்று நம்பும்படி செய்திருந்தார்கள். மெய்நிகர் என்றால் மெய் போலவே இருக்கும், மெய் மட்டும் இருக்காது. நாலே மாதத்தில் இரண்டு சர்வரில் ஒன்றைக் காணோம். முதலாளி அதை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டு, அந்தச் செயலுக்கு ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர் சூட்டினார். ஒரு போர்வையை இருபது பேர் இழுத்துப் போர்த்தியது போக, அதே போர்வைக்குள் நாற்பது பேர். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் கிழிந்துவிடும். இழுக்காமல் முறைவைத்துப் போர்த்திக்கொள்ளக் கண்டுபிடித்ததுதான் கமா அக்காவின் வரிசை.

செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது.

ஆறாம் வரிசையில் தந்தி என்று ஒரு பெண். விரல்கள் தந்தி அடிப்பதைப்போல ஓடும். மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருபவள். அன்று பதினொன்றே காலுக்கு ஹால் முழுக்கத் திரைகள் திணறின. எழுத்தைத் தட்டினால் திரையில் வரவில்லை. வரவில்லையே என்று இன்னொரு தடவை தட்டினால், இரண்டும் சேர்ந்து வந்து குதித்தன. இன்சுலின் ஐந்து யூனிட் என்றார் டாக்டர். தந்தி ஐந்தைத் தட்டினாள். வரவில்லை. மறுபடி தட்டினாள். திரை உறைந்தது. உயிர் வந்தபோது கோப்பு, இரண்டு ஐந்தையும் சேர்த்துக்கொண்டு, தானாகவே மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தது. திரும்பப் படித்துச் சரிபார்க்க முன்பெல்லாம் தனியாக இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் ஒருங்கிணைக்கப்பட்டு ஆறு மாதம் ஆகிறது.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ், எழுதியிருந்தபடி ஐம்பத்தைந்து யூனிட் போட்டாள். நோயாளி ஒரு பெரியவர். கண் மூடியவர் மூடியபடியே கிடந்தார்.

மறுநாள் மதியம் முதலாளி தந்தியையும் கமா அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காகிதம்.

“கையெழுத்துப் போடும்மா. என் கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு ரெண்டே வரி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அவங்ககிட்ட இதக் கொடுத்தா, கான்ட்ராக்ட் நிக்கும். நாற்பது குடும்பம் பிழைக்கும்.”

“முப்பத்தொம்பது சார்” என்றாள் தந்தி.

“என்னது?”

“என் குடும்பத்தக் கழிச்சிட்டீங்கன்னா முப்பத்தொம்பது. இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்குப் போலீஸ் எங்கிட்டதானே வரும்? மெஷின் மாட்டிக்கிச்சு சார். ரெண்டு தட்டும் ஒண்ணா வந்துது.”

முதலாளி சிரித்தார். பல் வைத்தியருக்குக் காட்டுகிற மாதிரியான சிரிப்பு. “எந்த மெஷின்? காட்டு பாப்போம்.”

காட்ட முடியாது. தினமும் வேலை முடிந்ததும் நாற்பது மெஷினும் அழிக்கப்பட்டுவிடும். மறுநாள் காலையில் ஒரே அச்சிலிருந்து நாற்பதும் புதிதாகப் பிறக்கும். நேற்றுத் திணறிய மெஷின் இன்று உலகத்திலேயே கிடையாது. கோப்பில் தந்தியின் பெயர் மட்டும் அழியாமல் இருந்தது.

முதலாளி கமா அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க சீனியர். நீங்களே சொல்லுங்க. இந்தப் பத்து மாசத்துல ஒரு நாளாவது சர்வர் விழுந்திருக்கா? நாற்பது பேரும் எந்த நேரத்துல தட்டினாலும் தாங்கும். ரிப்போர்ட்டே இருக்கு. அப்படீன்னு சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்.”

கமா அக்கா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சர்வர் விழவில்லை என்பது நிஜம். விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார்? அவளும் அவளுடைய நீல நோட்டும். விற்ற மறுநாளே விழுந்திருந்தால் அந்த ஆள் இன்னொரு சர்வரை வாங்கியே ஆக வேண்டியிருந்திருக்கும். நல்லது செய்வதாக நினைத்து, ஆறு மாதமாக அவர் திருட்டுக்கு ஏணி பிடித்திருக்கிறாள்.

“யோசிச்சு சொல்றேன் சார்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“ரெண்டே வரின்னாலும், கமா எங்க வரணும்னு பாக்கணும்ல சார்.”

தந்தியை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கடவுச்சொல் செத்துப்போனது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் டீக்கடை ஓரத்தில் கூடினார்கள். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவரும் வந்தார். எந்த வியாதிக்கும் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவதையே மருந்தாக வைத்திருந்ததால் அவருக்குப் பிளக்கு என்று பெயர்.

“ஒரு சர்வர் இருபது பேரத்தான் தாங்கும்னு எழுதியே கொடுத்தேன்” என்றார் பிளக்கு. “மனசு வெச்சா முடியும்னாரு. யார் மனசு வெக்கணும், சர்வரா?”

கமா அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “எங்க வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுறவர். நாலு மோட்டார ஒரே லைன்ல ஒரே நேரத்துல போட்டா ஃபியூஸ் போயிடும்பார். அதனாலதான் ஒண்ணொண்ணா போடுவாங்க. நாமளும் அதத்தான் செஞ்சிட்டிருக்கோம். நோட்டீஸ் போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“சரியா ஆறு மணிக்கு எல்லோரும் உள்ளே போயிருக்கணும்னு” என்றான் ஏசிக்கு நேர் கீழே உட்காரும் ஜலதோஷம். வருடம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் மூக்கை உறிஞ்சுபவன்.

“நாளைக்கு அப்படியே செய்வோம். எல்லாரும். சரியா ஆறு மணிக்கு.”

“அக்கா, கான்ட்ராக்டே போயிட்டா?” என்றான் ஜலதோஷம். “தந்தி பாவம்தான். ஆனா எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“நேத்து உன் திரையும்தானே மாட்டுச்சு?”

“மாட்டுச்சு.”

“உன் காதுல அப்ப என்ன ஓடிட்டிருந்துச்சு?”

அவன் மூக்கை உறிஞ்சினான். “ஒரு கொழந்தைக்கு ஜுர மருந்து” என்றான். “நானும் ரெண்டு தடவ தட்டினேன். வந்ததப் பாத்துட்டேன், ஒண்ண அழிச்சிட்டேன். கோப்பு போறதுக்கு முன்னாடி திரை வந்துடுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அதற்கப்புறம் யாரும் யாரையும் சம்மதிக்க வைக்கவேண்டி இருக்கவில்லை. ஆனால் பயம் எல்லோருடனும் டீக்கடையிலிருந்து வீடுவரைக்கும் கூடவே நடந்து வந்தது.

வீட்டில் கமா அக்கா சொன்னதைப் புருஷன் கையிலிருந்த செம்புக்கம்பியை விடாமல் கேட்டான்.

“வேலை போயிட்டா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

“எங்கூட வந்து காயில் சுத்து. ஒழுங்கா சுத்தலன்னா நானும் திட்டுவேன், சொல்லிட்டேன்.” அவன் சிரித்தான். பிறகு கம்பியை வைத்துவிட்டு, “அந்தப் பெரியவர் எப்படியிருக்கார்?” என்றான். அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட் ஓடியது. மருத்துவமனையிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும் அவருக்கு ஃபைல் தூக்க ஒருவரும் வந்திறங்கினார்கள். முதலாளி கைகளை விரித்தபடி முன்னால் நடந்தார். கீழே, தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தந்தி நின்றிருந்தாள். காவலாளி உள்ளே விடவில்லை.

“தப்பு நடந்தது ஒரு தனிநபரால மேடம். எங்க கட்டமைப்பு உலகத் தரம். மேகம் எப்பவும் விழாது. ஒரு நிமிஷம், இப்ப பாருங்க…”

மணி ஆறு.

எந்தக் கையும் தூக்கப்படவில்லை. எந்த வரிசையும் காத்திருக்கவில்லை. முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் கடவுச்சொல்லைத் தட்டினார்கள். கூரையில் மழை பெய்தது போல ஒரு சத்தம். பிறகு அமைதி.

முப்பத்தொன்பது திரைகளிலும் ஒரே மாதிரிச் சின்ன வட்டம் சுற்றியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முதலாளியின் விரித்த கைகள் மெதுவாக மூடிக்கொண்டன. கழிப்பறைப் பக்கத்து அறையில் மின்விசிறிகள் அலற ஆரம்பித்தன.

“என்ன ஆச்சு?” என்றார் கண்ணாடி அம்மாள்.

“சின்ன விஷயம் மேடம். யோவ், அந்த பிளக்கைப் புடுங்கி மாட்டுய்யா!”

“மாட்டலாம் சார்” என்றார் பிளக்கு வாசலில் நின்று. “மாட்டினதும் மறுபடியும் எல்லாரும் ஒண்ணாதான் வருவாங்க.”

முதலாளி வரிசைகளைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் ஏன் ஒரேயடியா தட்டினீங்க? தினம் போற மாதிரி ஒவ்வொரு வரிசையா போங்க! கை தூக்கினப்புறம் அடுத்த வரிசை! தெரியாதா உங்களுக்கு?”

சொல்லிவிட்டார். சொன்னது காதில் விழ அவருக்கே இரண்டு நொடி பிடித்தது.

கண்ணாடி அம்மாள் திரும்பினார். “எந்த நேரத்துல தட்டினாலும் தாங்கும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே. இது என்ன வரிசை?”

கமா அக்கா எழுந்தாள். பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள்.

“ஆறு மாசமா இதுல இருக்கு மேடம். எந்த வரிசை எத்தன மணிக்குன்னு. எந்தெந்த நாள் திரை உறைஞ்சுதுன்னு. செவ்வாய்க்கிழமை பதினொண்ணே காலுக்கு எட்டு வரிசையும் உறைஞ்சுது. அந்தப் பொண்ணு மட்டும் இல்ல.”

“அந்த நோட்டைக் கொடு!” முதலாளி கை நீட்டினார்.

“அந்தக் காகிதத்தக் கிழிங்க சார். அவள உள்ள கூப்பிடுங்க. ரெண்டாவது சர்வரக் கொண்டாங்க. அதுவரைக்கும் வரிசை கிடையாது. ரூல்படி, ஆறு மணின்னா எல்லாருக்கும் ஆறு மணிதான்.”

“யாரு கொடுத்த தைரியம் இது? யார் தலைமையில நடக்குது? கை தூக்குங்க பாப்போம்!”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எட்டாம் வரிசையிலிருந்து ஜலதோஷத்தின் கை எழுந்தது. அடுத்து ஏழாம் வரிசையின் இடது ஓரம். அப்புறம் அது வரிசையாக வரவில்லை. ஹால் முழுக்க ஒன்றாக எழுந்தது.

கண்ணாடி அம்மாள் எதையும் பாராட்டவில்லை. நோட்டை வாங்கிச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பிரித்தார். வெகுநேரம் படித்தார்.

“கான்ட்ராக்ட் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது” என்றார். “அந்தப் பெரியவர் இன்னும் கண் திறக்கல. அதையும் சொல்லிடறேன்.”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெற்றி பெற்றவர்களின் முகம் எதுவும் அந்த ஹாலில் இல்லை. முதலாளி போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புது ஆட்களைத் தேடுகிறாரோ, பழைய சர்வரைத் தேடுகிறாரோ.

“அந்தப் பொண்ணு எங்க?” என்றார் கண்ணாடி அம்மாள்.

ஜலதோஷம் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். பத்து மாதமாக ஏசிக்காக அடைத்து வைத்திருந்த ஜன்னல். கிறீச்சென்றது. வெளியே நன்றாக விடிந்திருந்தது. அவன் தெருவைப் பார்த்துக் கத்தினான்:

“தந்தி! மேல வா! புள்ளையத் தூக்கிட்டு ஏறாத, லிஃப்ட்லயே வா!”

திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காய்த்த பெருவிரல்கள் மிதியை விட்டு விலகித் தரையில் ஊன்றியிருந்தன. யாரும் எழுந்து போகவில்லை. கீழே எங்கோ லிஃப்ட் கிளம்புகிற சத்தம் கேட்டது.