பாச்சோ கையெழுத்துப் போடாத தாள்

மலேசியாவின் தாவாவ் ஊர்க் காவல் அறையில் என் அக்கா புருஷன் பாச்சோ சிரித்துக்கொண்டிருந்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். அனுமதிச் சீட்டு இல்லாமல் இரண்டு முறை பிடிபட்டு, இரண்டு முறையும் படகில் எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் நுனுக்கானுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவன். பத்தே நாளில் வேறு தாளோடு திரும்பி வந்து அரிவாளைப் பிடிப்பான். அங்கிருந்து கூலிக்கு வரும் எங்கள் பூகிஸ் ஆட்களுக்கு அது காய்ச்சல் வந்து போகிற மாதிரி.

"மச்சான், இந்தத் தடவை கோர்ட்டே அனுப்புதாம். ஒரு கையெழுத்து, விசாரணைகூட கிடையாது. பெருநாளுக்கு ஊர்ல இருப்பேன்," என்றான்.

சட்ட உதவிக்கு வந்த வக்கீலம்மா புவான் லினா அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார்.

"இது அந்தப் படகு இல்லய்யா. அதுல இறங்கினா உன் வழியைப் பாத்துப் போயிடலாம். இது ஒப்படைப்பு. சந்தேகப்படுற ஆளை ஒரு நாடு கேக்குது, இன்னொரு நாடு பிடிச்சுக் குடுக்குது. அந்தப் பக்கம் விலங்கோட போலீஸ் நிக்கும்."

"நான் என்ன பண்ணினேன்?"

"உங்க நாட்டுல, போனேங்கிற ஊர்ல கொக்கோ கிடங்கைக் கொளுத்தினியாம். காவல்காரருக்கு ஒரு கை போச்சு. பிடிபட்டவன் உன் பேரைச் சொல்லியிருக்கான். பன்னெண்டு வருஷம் கிடைக்கலாம்."

பாச்சோவின் சிரிப்பு நின்றது. "அல்லா மேல ஆணையா நான் இல்ல. கையெழுத்துப் போடலைன்னா?"

"கேட்டதும் தூக்கிக் குடுத்துட முடியாது. அந்த ஆள் நீதானா, அது ரெண்டு நாட்டுலயும் குற்றமா, ஆதாரம் இருக்கா, எல்லாத்தையும் இங்க கோர்ட்டு பாக்கணும். நான் செய்யலைன்னு நீயும் காட்டலாம். கையெழுத்துப் போட்டா அதெல்லாம் போச்சு."

"எப்ப கொளுத்தினாங்க?" என்று நான் கேட்டேன்.

"நாலு வருஷத்துக்கு முந்தி, நோன்பு ரெண்டாம் நாள்."

அந்த வருஷம் முதல் நோன்பு திறக்க இலையில் கட்டிய புராசுச் சோற்றை நான் சுமந்து போனது இதே ஊர்த் தடுப்பு முகாமுக்கு.

"மச்சான், அன்னைக்கு நீ இங்க உள்ள இருந்தியே!"

மேசைக்கடியில் என் முழங்காலில் உதைத்தான். "வாயை மூடு!"

புவான் லினா விடவில்லை. கடைசியில் கக்கினான். அப்போது அவன் கொடுத்த பெயர் லுக்மான்.

"எங்காளுங்க எல்லாரும் அப்படித்தான், புவான். கறுப்புப் பட்டியல்ல லுக்மான் போகட்டும், பாச்சோ திரும்பி வரணும்ல?"

"கைரேகை எடுத்தாங்களா?"

"பத்து விரலும்."

"அது போதும். ஆனா பொய்ப் பேரைக் கோர்ட்ல நீயே ஒத்துக்கணும். அதுக்குத் தனியா ஜெயில் உண்டு."

பாச்சோ என் பக்கம் திரும்பினான். என் அக்கா ஹஸ்னாவைக் கேட்டு வரச் சொன்னான். அக்கா வெளியே வாசலில், நான்கு மாத வயிற்றோடு ஈச்சமரம் போல அசையாமல் நின்றாள்.

"கிறுக்குப்பய. ஓசிப் படகுன்னா எங்க போகுதுன்னுகூட கேக்க மாட்டான்," என்றாள். "உண்மையைச் சொல்லச் சொல்லு. சில மாசம்னா தோட்டத்துல உதிரிக் காய் பொறுக்கி நான் சமாளிச்சுக்குவேன். பன்னெண்டு வருஷம்னா இது பொறந்து வளந்து, அவனைப் பாத்து நீ யாருன்னு கேக்கும்."

நீதிமன்றத்தில் அவன் எழுந்து நீதிபதியைப் பார்த்து நின்றான். "லுக்மான்னு சொன்னது நான்தான், துவான். பொய் சொன்னேன். கிடங்கை நான் கொளுத்தல."

எழுத்தர் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. பழைய கைரேகையை எடுத்து ஒப்பிடச் சொல்லி மூன்று வாரம் தள்ளிவைத்தார்.

பத்து விரலும் பொருந்தின. நோன்புக்கு முந்தின நாள் பிடிபட்ட லுக்மான் ஒன்பதாம் நோன்பில்தான் படகேறியிருந்தான். ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பானது. பொய்ப் பெயருக்கும் சீட்டில்லாமல் இருந்ததற்கும் வேறு வழக்கில் நான்கு மாதம். முடிந்ததும் படகில் நுனுக்கானுக்கு.

"நாலு மாசம் நான் செஞ்சதுக்கு. அதை இருந்துட்டு வரேன்," என்று வண்டியில் ஏறும்போது பாச்சோ கத்தினான்.

"சாப்பாட்டை மிச்சம் வைக்காம தின்னு!" என்று அக்கா பதிலுக்குக் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, நுனுக்கான் துறைமுகத்துக்குக் கிட்டத்தில் தண்ணீர் வசதியோடு ஓர் அறை கிடைக்குமா, பிரசவம் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.