வண்டு முட்டாத நாள்

இராயப்பன்பட்டிப் பக்கத்து மாண்டிசோரி வகுப்பில் இருந்த சின்ன ரோபோவுக்குக் குழந்தைகள் வைத்த பெயர் வண்டு. முதுகில் அம்புக்குறி போட்ட பொத்தான்கள். வழியை மனதில் போட்டுக்கொண்டு, பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வண்டு சொன்னபடி போகும். தப்பாகச் சொன்னால் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போதும் டீச்சர் வாய் திறக்கக் கூடாது. தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்கும், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும் என்பது அந்த வகுப்பின் சட்டம். பெனிட்டா டீச்சர் அதை வேதவாக்காகக் காத்துவந்தவள்.

ஓவியாவுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. பாயை விரித்து, கட்டைகளை நட்டு, மேலே பச்சைத் துணி போட்டுத் திராட்சைப் பந்தல் கட்டுவாள். வண்டு பந்தலைச் சுற்றி அப்பாவிடம் போக வேண்டும். அப்பா ஒரு நீலக் கட்டை. கடைசித் திருப்பம் மட்டும் அவளுக்கு மறந்துபோகும், வண்டு பந்தல்காலில் முட்டும். முகம் சுளிக்காமல் எடுத்துவந்து மறுபடி அழுத்துவாள். பெற்றோர் வரும் நாளில் நிஜ அப்பாவுக்கு ஓட்டிக் காட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நாள் காலையில் பள்ளித் தாளாளர் சகாய பிரவீன் பெனிட்டாவைத் தனியே அழைத்தார். வண்டைப் போனிலிருந்தும் ஓட்டலாம் என்பது அவருக்குத் தெரியும்.

“பெத்தவுக முன்னாடி அது முட்டிக்கிட்டு நின்னா மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்க? நீங்களே ஓட்டிருங்க டீச்சர். புள்ளைக்கும் சந்தோசந்தானே.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பெனிட்டா விழுந்தாள். பிள்ளையின் சந்தோஷத்துக்காகச் செய்வதைச் சேசுசாமி கோபிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓவியாவின் அப்பா முத்துக்குமரன் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு, குளித்து, தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். ஓவியா பொத்தான்களை அழுத்திக் கையை எடுத்தாள். வண்டு பாதி வழி போவதற்குள் உதட்டைக் கடித்தாள். கடைசித் திருப்பம் இன்றைக்கும் விட்டுப்போயிருந்தது. எடுத்துவரக் கையை நீட்டினாள். வண்டு முட்டவில்லை. அழகாகத் திரும்பி நீலக் கட்டையிடம் போய் நின்றது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தன் மகள் ஓட்டியதைப் பார்த்தீர்களா என்று முத்துக்குமரன் பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஓட்டலப்பா” என்றாள் ஓவியா.

பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் டீச்சர் மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வண்டு இருந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. பெனிட்டா பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே பாயை விரித்து, பந்தலைக் கட்டி, அவளைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“நேத்து நாந்தான் போன்ல திருப்புனேன். தப்புத்தான் ஆத்தா. இனிமே தொடமாட்டேன். நீயே ஓட்டு.”

ஓவியா பந்தலைப் பார்த்தாள். குரலில் கோபமில்லை.

“வேணாம் மிஸ். அது உங்க பேச்சத்தான் கேக்கும்.”

தண்ணீர் ஊற்றிப் பழகும் ஜாடியை எடுக்கப் போனவள், பெனிட்டா பாயைச் சுருட்டுவதைக் கண்டு திரும்பி வந்தாள். மறுமுனையைப் பிடித்து, ஓரம் கோணாமல் சேர்ந்து சுருட்டினாள். அப்படி உதவ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் பெனிட்டாதான். உதவியவருக்கு நன்றி சொல்லவும் அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். அந்த நன்றி இப்போது பெனிட்டாவின் வாயில் வரவில்லை.